நண்பகல் வாக்காளர்கள்

கூதிர் கழிந்து முன்பனி தொடங்கும் இடைநாட்களில் எங்கள் ஊர் ஓர் ஆலயம்போல் அடங்கிவிடும். மேப்பிள் மரங்கள் தம் செம்மையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும். வானம் தாழ்ந்து வந்து தானியக் கிடங்கின் உச்சியில் சாய்ந்துகொள்ளும். காட்டு வாத்துகள் தெற்கே போன பின், அவற்றின் குரல் இருந்த இடம் மட்டும் காற்றில் காலியாகக் கிடக்கும். சென்ற ஆண்டு இந்த அடக்கத்தோடு மழையும் சேர்ந்துகொண்டது. அக்டோபர் முழுவதும் பெய்தது. அறுக்கப்படாத மக்காச்சோளம் வயல்களில் நின்றபடியே கறுத்தது. அறுவடைக்கு நன்றி செலுத்தும் ஞாயிறன்று பீடத்தின் முன் படைக்க ஒரு கதிர்க்கட்டும் இல்லாமல், கடையில் வாங்கிய பூசணிக்காய்களை வைத்தோம். நான் ஆர்கன் வாசித்தேன். பாடியவர்களின் குரலில் நன்றி இல்லை, பழக்கம் இருந்தது.

காப்பிக்கு நன்றி, ஐயா. சர்க்கரை வேண்டாம்.

நான் வரிசையாகவே சொல்கிறேன். ஒரு வாழ்நாள் முழுவதும் லத்தீன் கற்பித்தவன் நான். வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் நிறுத்துவது அம்மொழியின் அழகு. செய்தது யார், எங்கே, எதற்காக என்பதெல்லாம் முன்னே வரும், செய்தது இன்னதென்பது முடிவில் வரும். கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

என் பெயர் ஆர்வின் டீட்ஸ். வெல்டன் க்ரீக் பள்ளியில் லத்தீனும் சேர்ந்திசையும் கற்பித்தேன். அந்தப் பள்ளிக்கு எங்கள் முப்பாட்டன்மார் தங்கள் சூளையிலேயே செங்கல் சுட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த அந்த உழவர்கள் முதலில் ஆலயத்தைக் கட்டினார்கள். அதன் கூரை வேயும் முன்பே பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு கூரைகளும் ஒரே குளிர்காலத்தில் முடிந்தன என்று எங்கள் சபையில் சொல்வதுண்டு. நான் அதை வெறும் பெருமையாகக் கேட்டதில்லை, கட்டளையாகக் கேட்டேன்.

பள்ளி நடப்பது ஊராரின் நில வரியால் என்பது உங்களுக்குத் தெரியும். வரியை உயர்த்த வேண்டுமென்றால் ஊராரையே கேட்க வேண்டும். நான்கு முறை கேட்டோம். நான்கு முறையும் இல்லை என்றார்கள். முதல் தோல்வியில் லத்தீன் போயிற்று. அதற்காக நான் அழவில்லை. செத்த மொழி மறுபடியும் ஒருமுறை சாவது பெரிய செய்தியல்ல. இரண்டாவதில் சேர்ந்திசை போயிற்று. பிறகு வாத்தியக் குழு, பிறகு நூலகமும் பேருந்தும். நான் ஓய்வுபெற்ற பின்னும் ஊதியமின்றிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்தேன். சென்ற நவம்பரில் நடந்தது ஐந்தாம் வாக்கெடுப்பு. அதுவும் தோற்றால் பள்ளி மூடப்படும், பிள்ளைகள் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஹெய்டனுக்குப் போவார்கள் என்று மாநிலம் சொல்லிவிட்டது. வரி ஆதரவுக் குழுவுக்கு நான் தலைவன். பள்ளிச் சாவிகள் என்னிடம் இருந்தன.

எங்களை எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். டுவேன் ஹோல்ட்காம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் என் மாணவன். ஐம்பதைக் கடந்த உழவன். ஊரைச் சிரிக்கவைக்கும் வாய். தானியக் கிடங்கின் எடைமேடை அருகே உழவர்கள் கூடும் ஒரு மூலை உண்டு. செப்டம்பரில் அங்கே போனேன்.

"வாங்க சார், உக்காருங்க. இந்தத் தடவ என்ன, மறுபடியும் பீட்ஸாவா?" என்றான் டுவேன். வீட்டுக்கு மாதம் ஒரு பீட்ஸா விலைதான் ஆகும் என்று முந்தைய முறை துண்டறிக்கை அடித்திருந்தோம்.

"நீ படிச்ச பள்ளிக்கூடம், டுவேன்."

"படிச்சேனா? உங்க கிளாஸ்ல நான் தூங்குன மாதிரி இன்னும் எந்தப் பஞ்சு மெத்தையிலயும் தூங்கல சார்." எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்காமல் தொடர்ந்தான். "வீடு மட்டும் வச்சிருக்கிறவனுக்கு ஒரு பீட்ஸா. எனக்கு நிலமில்ல இருக்கு? ஏக்கருக்கு ஏக்கர் பீட்ஸா வாங்கணும் நான். இப்ப சோளம் விக்கிற வெலைக்கு அதுமேல தூவுற ஆலிவ் கூட வராது."

"பாய்லர் அரதப் பழசு. என்னைக்காவது ஒரு நாள் பிள்ளைங்க உயிர வாங்கிடும்" என்றேன்.

"சும்மா பூச்சாண்டி காட்டாதீங்க சார். போன கோடையில நானும் என் மச்சானும் எறங்கி அதைப் பிரிச்சு மாட்டினோம். சல்லிக்காசு வாங்கல. அது இப்ப என்னைவிட நல்லா மூச்சு விடுது."

"அவன் குறட்டைய விடவா?" என்றார் ஒருவர்.

"அதை உங்க அக்காகிட்டக் கேளு."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். அவன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். நான் கீழே போய்ப் பார்த்திருந்தேன். கட்டடத்தைச் சூடாக்கும் அந்தக் கொதிகலன் பழையதுதான், ஆனால் பழுதில்லாதது. இதைத் தயவுசெய்து கவனமாகப் பதிவு செய்யுங்கள், ஐயா. நான் இங்கே வந்ததே இதற்காகத்தான்.

அன்று திரும்பி நடக்கையில் தீயணைப்பு நிலையத்தைக் கடந்தேன். உள்ளே புது வண்டி பளபளத்துக்கொண்டிருந்தது. அந்த வண்டிக்கான வரியையும் இதே ஊர் இரண்டு முறை மறுத்தது. பிறகு ஒரு ஜனவரியில் கிழவர் ஹிங்கல் தம் கொட்டகைத் தீயில் சிக்கினார். பழைய வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. அடுத்த வாக்கெடுப்பில் ஊரே ஆம் என்றது. யாரும் மேடையேறிப் பேசவில்லை, துண்டறிக்கை அடிக்கவில்லை. எங்கள் மக்கள் காதால் நம்புகிறவர்கள் அல்லர், கண்ணால் நம்புகிறவர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆண்டவரே தோமாவுக்குத் தம் காயத்தைக் காட்டித்தானே நம்பவைத்தார்.

ஒரு காயம் போதும் என்று நினைத்தேன். பெரிய காயம் அல்ல.

வாக்குப்பதிவு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடக்கும். அன்று வகுப்புகள் கிடையாது. ஆலயத்துப் பெண்கள் கூடத்தின் ஓரத்தில் பை என்னும் இனிப்புப் பலகாரம் விற்பார்கள்; ஆப்பிள், பூசணி, பீக்கன். பையைத் தின்பதற்காகவே வாக்களிக்க வருகிறவர்கள் உண்டு. வாக்குப்பதிவு மேசையில் அமரும் தாய்மார்கள் தம் பிள்ளைகளை விட்டுவைக்க இடமின்றித் திண்டாடுவார்கள். இசையறையில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம், கெய்லா ஃபிட்ச் பார்த்துக்கொள்வாள், வாக்களிக்க வருபவர்களின் காதில் பிள்ளைகளின் பாட்டு விழுவது நமக்கும் நல்லது என்று குழுவில் யோசனை சொன்னது நான். கெய்லா இளம் ஆசிரியை. அவளும் என் மாணவி. எல்லோருக்கும் யோசனை பிடித்திருந்தது. இசையறை கொதிகலன் அறைக்கு நேர் மேலே இருக்கிறது. பழைய கட்டடம், தளம் பலகைத் தளம்.

நச்சுக்காற்று அறிவிக்கும் மணியை நான் முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து, கழற்றி எடுத்தேன். வாக்கெடுப்பு நாள் காலையில் புகை போகும் வழியை அடைத்தேன். எப்படி என்பதை உங்கள் காவல் உதவியாளரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். இங்கே மறுபடி சொல்வது அழகல்ல. கைகளைக் கழுவிக்கொண்டு, ஜெபித்துவிட்டு, மேலே போனேன்.

நான் வேண்டியது இவ்வளவே. பிள்ளைகளுக்கு லேசாகத் தலை சுற்ற வேண்டும். இரண்டொருவர் வாந்தி எடுக்கலாம். நண்பகலில் தானியக் கிடங்கு மதிய உணவுக்கு மூடும்போது, உழவர்களும் கிடங்கு ஆட்களும் ஒன்றாக வந்து வாக்களிப்பார்கள். அவர்களின் பாட்டன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். நான்கு முறை எங்களைத் தோற்கடித்ததும் அந்த நண்பகல் கூட்டம்தான். அவர்கள் வரிசையில் நிற்கும்போது நான் இசையறைக் கதவைத் திறப்பேன். பிள்ளைகள் வெளுத்த முகத்தோடு வெளியே வருவார்கள். உழவர்கள் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

கெய்லா உள்ளே இருந்தால் அவளுக்கு முதலில் தெரிந்துவிடும். ஆகவே அவளை நான்தான் கூப்பிட்டேன்.

"கெய்லா, நார்மா பை மேசைல தனியாக் கஷ்டப்படுறா. கொஞ்சம் காப்பி ஊத்திக் குடும்மா. பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."

"அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன் சார். எம்மட் மட்டும் பியானோ மேல ஏறுவான், பாத்துக்கோங்க."

அவள் திரும்ப வரப் பார்த்தபோதெல்லாம் வேறொரு வேலை சொல்லி நிறுத்தினேன்; அவள் இன்று உயிரோடிருக்கிறாள். நான் இரக்கமற்றவன் என்று சொல்கிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் ஒரு சுழல்பாட்டுக் கற்பித்திருந்தேன். ஒருவர் முதலடியைப் பாடி முடித்ததும் அடுத்தவர் தொடங்குவார்; முதல்வர் கடையடிக்கு வரும்போது கடையவர் முதலடியில் இருப்பார். அதற்கு இயல்பான முடிவு கிடையாது. "நான் வந்து கதவத் திறக்கிற வரைக்கும் பாடிக்கிட்டே இருக்கணும், யார் நிறுத்தாம பாடுறீங்களோ அவங்களுக்குப் பை" என்றேன்.

"ஆப்பிளா, பூசணியா?" என்று கேட்டாள் ஜோலீன், டுவேனின் பேத்தி.

"உனக்கு எது வேணுமோ அது."

"ரெண்டும்" என்றாள். கதவைச் சாத்தினேன்.

சேர்ந்திசை ஆசிரியனின் செவி ஒரு கூட்டுக் குரலைக் கேட்பதில்லை. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகக் கேட்கும். நான் கூடத்தில், சுவரோரமாக, நாற்காலியில் அமர்ந்திருந்தேன். எம்மட் எப்போதும் சற்று முந்துவான். கோரா மேல்ஸ்தாயியில் மூச்சுக்குத் தவிப்பாள். ஜோலீனின் குரல் தாழ்ந்தது, உறுதியானது. மற்றவர்கள் அதன்மேல் சாய்ந்துகொள்வார்கள். நார்மா கோல்ப் எனக்கு ஒரு துண்டு பை கொண்டுவந்தாள்.

"என்ன ஆர்வின், மொகம் வெளுத்திருக்கு? சாப்பிடுங்க. இந்தத் தடவ ஜெயிச்சிருவோம்னு என் உள்மனசு சொல்லுது."

"உன் உள்மனசு போன தடவையும் இதத்தான் சொல்லுச்சு."

"போன தடவ அது டயட்ல இருந்துச்சு" என்று சிரித்தாள்.

நண்பகல் வந்தது. கிடங்கின் சங்கு ஊதியது. யாரும் வரவில்லை.

அந்த இலையுதிர்காலத்தின் முதல் உலர்ந்த நாள் அது, ஐயா. மழைவாரங்களுக்குப் பின் நிலம் உறைந்து இறுகி, அறுவடை எந்திரத்தைத் தாங்கியது அன்றுதான். ஊரில் கையுள்ள ஒவ்வொருவனும் வயலில் இருந்தான். வாக்களிக்க மாலையில் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பிறந்தது முதல் உழவர்களிடையே வாழ்ந்த நான் வானத்தைப் பார்க்க மறந்தேன். காலையில் சூரியன் எழுந்தபோது அதை நல்ல சகுனமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் இரண்டு விதவைகளும் ஒரு தபால்காரரும் நின்றார்கள். அவர்கள் எப்போதும் ஆம் என்று குறிப்பவர்கள். அவர்களுக்குக் காட்டுவதில் பொருளில்லை. ஆகவே காத்திருந்தேன்.

எம்மட்டின் குரல் நின்றது. அவன் குறும்புக்காரன், விளையாடப் போயிருப்பான் என்று எண்ணிக்கொள்ள முடிந்தது. பிறகு கோராவின் மேல்ஸ்தாயி வராமல் போயிற்று. நான் வாசலைப் பார்த்தேன். சாலையில் சருகு எழுந்தது. அது யாருடைய வண்டியும் அல்ல, காற்று. தொலைவில் எந்திரங்களின் இரைச்சல் கேட்டது. மற்றக் குரல்களும் ஒவ்வொன்றாக அடங்க, ஜோலீன் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். சுழல்பாட்டைத் தனியாகப் பாடுவது கடினம், பெரியவர்களே தடுமாறுவார்கள். அவள் தடுமாறவில்லை. மெதுவாக, ஒவ்வோர் அடிக்கும் நடுவே நெடிய இடைவெளி விட்டுப் பாடினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன்.

அவள் குரலும் நின்றது. நான் எழவில்லை. வினைச்சொல் இதுதான், ஐயா. எழவில்லை.

கதவைத் திறந்தது டுவேன். அவன் எந்திரத்தின் வார் அறுந்துவிட்டது. புது வார் வாங்க ஊருக்குள் வந்தவன், பேத்திக்கு ஒரு பை வாங்கித் தரலாம் என்று உள்ளே வந்திருக்கிறான். "எங்க நம்ம சில்வண்டு? சத்தத்தையே காணோம்?" என்று கேட்டபடி நடந்துபோய்க் கதவைத் திறந்தான். அதன்பின் அவன் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிவந்து புல்வெளியில் கிடத்தினான். ஜோலீனும் எம்மட்டும் கோராவும் கண் திறக்கவில்லை. மற்றவர்கள் பிழைத்தார்கள்.

வாக்குப்பெட்டியைத் தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றினார்கள். சட்டம் அப்படி, மாலைவரை வாக்குப்பதிவு நடந்தே ஆக வேண்டும். வயலிலிருந்து எல்லோரும் வந்தார்கள். சோளத் தூசி படிந்த முகங்களில் கண்ணீர் கோடு கிழித்திருந்தது. நான் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் தழுவினேன். அவர்கள் பார்த்துவிட்டார்கள், பெரும் விலை என்றாலும் வீண்போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முந்தைய நான்கு முறைகளையும்விடப் பெரிய தோல்வி அது.

டுவேன் ஆம் என்று குறித்திருந்தான். அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "நீங்க சொன்னீங்க சார். நான்தான் கேக்கல. பிரிச்சு மாட்டினது நான். எங்கயோ ஒரு திருகு விட்டிருக்கேன் சார். என் கையாலயே..." நான் அவன் தலையில் கைவைத்து, ஆண்டவர் மன்னிக்கிறவர் என்றேன். அது உண்மைதானே.

கைவிட்டவர்கள் எங்கள் ஆட்கள். நான்கு முறையும் எங்களோடு வீடு வீடாக நடந்த தாய்மார்கள். அன்று மாலை நார்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்தக் கட்டடத்துக்கு இனி ஒரு செங்கல்லுக்குக் கூட நான் குடுக்க மாட்டேன். அது பிள்ளைங்கள முழுங்கின கட்டடம். இடிச்சுத் தள்ளட்டும். ஹெய்டன்ல பாய்லராவது புதுசு." கட்டடத்தின் மேல் அவர்களுக்குப் பரிவு பிறக்கும் என்று எண்ணியிருந்தேன், அச்சம் பிறந்தது. கிழவர் ஹிங்கலைக் கொன்றது வண்டி இல்லாத குறை. இந்தப் பிள்ளைகளைக் கொன்றது பள்ளி இருக்கிற குறை என்று ஆகிவிட்டது. இந்த வேறுபாட்டை நான் முன்பே கண்டிருக்க வேண்டும்.

குளிர்காலம் முழுவதும் நான் பேசவில்லை. ஆய்வாளர்கள் கொதிகலனைப் பழுதுபார்த்த முறையில் குறை என்று எழுதினார்கள். புகைவழி அடைபட்டது பறவைக் கூட்டால் இருக்கலாம் என்றும் எழுதினார்கள். டுவேன் தன் எந்திரத்தை விற்றுவிட்டான். கிடங்கு மூலைக்கு வருவதில்லை. அவன் மச்சானோடும் பேசுவதில்லை என்கிறார்கள். அதெல்லாம் எனக்கு வருத்தம்தான். ஆனால் அதற்காக நான் இங்கே வரவில்லை.

மாநிலம் கடைசியாக ஒரு தவணை தந்திருக்கிறது. வரும் மே மாதத்தில் ஊரார் மீண்டும் வாக்களிக்கலாம். தோற்றால் கட்டடம் இடிக்கப்படும். ஆகவே ஊருக்கு இது தெரிந்தாக வேண்டும்: கட்டடத்தின் மேல் குற்றமில்லை. கொதிகலன் பழுதற்றது. அந்தப் பலகைகளும் செங்கற்களும் நூற்றாண்டு காலமாக ஒரு பிள்ளைக்கும் தீங்கு செய்ததில்லை. செய்தது நான். கட்டடத்தை அவர்கள் மன்னித்துவிடலாம். இந்த வாக்குமூலம் வாக்கெடுப்புக்கு முன் செய்தித்தாளில் வர வேண்டும் என்பது என் ஒரே வேண்டுகோள். முடிந்தால் ஞாயிறு இதழில். அன்றுதான் எல்லோரும் படிப்பார்கள்.

நீங்கள் சற்று முன் கேட்டீர்கள்: "சார், இதப் படிச்சப்புறம் அந்த ஊர்ல எவன் சார் ஓட்டுப் போடுவான்?" உங்கள் குரல் உடைந்திருந்தது. விதைக்கிறவன் முளைப்பதைக் கேட்பதில்லை.

கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிடம் தாருங்கள். இது நான் நாள்தோறும் செய்வது.

முழந்தாளிட என் மூட்டு ஒத்துழைப்பதில்லை; ஆகவே நின்றபடியே, தலை கவிழ்ந்து, பெயர்களைச் சொல்கிறேன். ஜோலீன். எம்மட். கோரா. ஆண்டவரே, உம் திருமுகத்தின் ஒளியில் அவர்கள் இளைப்பாறுவார்களாக. ஆமென்.

உங்கள் மேசையில் இரண்டு சிறுமிகளின் படம் இருப்பதைக் கண்டேன். அழகிய பிள்ளைகள். ஆண்டவர் அவர்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. என்னைப்போல் தங்களை நேசிக்கும் ஓர் ஆசிரியர் அவர்களுக்கும் வாய்க்கட்டும்.